தைரியசாலிக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல எடம் உண்டா? பாக்ஸிங் ஆளுக அடிக்கடி கேக்க கேள்விகள்

ஞாயித்துக்கெழம காலைல பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடைல நாங்க அஞ்சாறு பேரு கூடுவோம். அமெரிக்கால சனிக்கெழம ராத்திரி நடக்குத சண்ட நமக்கு ஞாயிறு காலைலதான வரும், வீட்ல கறி வாங்கிட்டு வான்னு அனுப்பிருப்பாவ, நாங்க பைய மடில வச்சிக்கிட்டு ஒரே போன்ல ஆறு தலைய நுழைச்சுப் பாத்துக்கிட்டு இருப்போம், கறி வாங்க போறதுக்குள்ள நல்ல எலும்பெல்லாம் வித்துரும். 2025 செப்டம்பர்ல இங்கிலாந்து பாக்ஸர் ரிக்கி ஹாட்டன் எறந்துட்டாருன்னு நியூஸ் வந்த வாரம், "அவரு ஹால் ஆஃப் ஃபேம்ல (பெரிய பாக்ஸர்க பேர நெலையா வைக்குத மண்டபம்) இருக்கதுக்கு லாயக்கா"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான், ஜெயிச்ச கணக்கப் பாக்கதா தைரியத்தப் பாக்கதான்னு அன்னைக்கு ஆரம்பிச்ச பஞ்சாயத்து இன்னும் ஓயல. எல்லாரும் மாத்தி மாத்தி ஒரே கேள்வியக் கேக்காவ, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கு. அதான் மொத்தமா எழுதிப் போடுதேன்.

மொதல்ல இந்த ஹால் எங்க இருக்கு, யாரு ஆரம்பிச்சா?

நியூயார்க் மாநிலத்துல கனஸ்டோட்டான்னு ஒரு சின்ன ஊரு. நியூயார்க் சிட்டின்னு நெனச்சுராதீய, இது வெங்காயம் வெளையுத கிராமாந்தரம். அந்த ஊர்ல வெங்காயத் தோட்டக்காரர் மகன் கார்மன் பாசிலியோ, 1957-ல சுகர் ரே ராபின்சனயே ஜெயிச்சு மிடில்வெயிட் சாம்பியன் ஆனாரு. அவரு மருமவன் பில்லி பேக்கஸும் 1970-ல ஹோசே நாப்போலச ஜெயிச்சு வெல்டர்வெயிட் சாம்பியன் ஆயிட்டாரு. ஒரே குடும்பத்துல ரெண்டு சாம்பியன், ஊர்க்காரங்களுக்கு இருப்பு கொள்ளுமா? அவங்க ரெண்டு பேருக்கும் மரியாதை பண்ணணும்னு கெளம்புனதுதான் வளந்து 1989-ல ஹாலா தொறந்தாவ, 1990-ல மொத பேட்ச உள்ள எடுத்தாவ.

இத ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுதேன்னா, "ஹால்னா வெறும் ரெக்கார்டுதான் பாக்கணும், பாசத்துக்கு அங்க என்ன வேல"ன்னு சிலரு கேக்காவ. வே, அந்தக் கட்டடம் நின்னதே ஊர்ப் பாசத்துலதான்.

ஓட்டு யாரு போடுதா?

அமெரிக்க பாக்ஸிங் எழுத்தாளர் சங்கத்து ஆளுகளும், பல நாட்டு பாக்ஸிங் வரலாறு தெரிஞ்சவங்களும். ரிடையர் ஆகி 3 வருஷம் ஆயிருக்கணும், முந்தி 5 வருஷமா இருந்துச்சு. ஜூன் மாசம் விழா. நமக்கு ஓட்டு இல்ல, சத்தம் மட்டுந்தான்.

ஆர்டுரோ கேட்டி பேரச் சொன்னாலே ஏன் அடிதடி வருது?

தைரியசாலின்னா கேட்டியதான் எல்லாரும் உதாரணத்துக்கு இழுப்பாவ. (எங்க கடைல எல்லாரும் அவர "கெட்டி"ன்னுதான் சொல்லுவாவ, அதுவும் பொருத்தந்தான்.) பொறந்தது இத்தாலி, வளந்தது கனடா மான்ட்ரியல், சண்ட போட்டதெல்லாம் பெரும்பாலும் அட்லாண்டிக் சிட்டி. 40 ஜெயிப்பு, 9 தோல்வி. 1995-ல ஒரு உலக பெல்ட் (சாம்பியன் பட்டம்), 2004-ல இன்னொரு எடைல இன்னொரு பெல்ட். ஆனா டாப் ஆளுகளோட மோதுனப்ப என்னாச்சு, 2001-ல டி லா ஹோயா அஞ்சாவது ரவுண்டுல முடிச்சாரு, 2005-ல மேவெதர் ஆறு ரவுண்டு போட்டு அடிச்ச அடில ஏழாவது ரவுண்டுக்கு எந்திரிக்க விடாம கேட்டியோட மூலைக்காரங்களே (ரிங் மூலைல நிக்க அவரு கோச்சு கோஷ்டி) சண்டைய நிறுத்திட்டாவ. ஐவன் ராபின்சன்ட்ட ஒரே வருஷத்துல ரெண்டு தடவ தோல்வி.

இதப் பாத்துட்டு ஒருத்தன் "இவரெல்லாம் ஹாலா?"ன்னு கேட்டா அவன் கோட்டிக்காரன் இல்ல, நியாயமாத்தான் கேக்கான்.

ஆனா இன்னொரு பக்கம் பாருங்க. 'ரிங்'குன்னு ஒரு பாக்ஸிங் பத்திரிக வருஷா வருஷம் இந்த வருஷத்துச் சிறந்த சண்டைன்னு ஒண்ணுத் தேர்ந்தெடுக்கும், அதுல கேட்டி சண்ட நாலு: 1997, 1998, 2002, 2003. ஒருத்தர் ஆயுசுக்கு ஒண்ணு வாங்குனாலே பேரன் பேத்திக்குச் சொல்லுவாரு. 1996-ல வில்சன் ரோட்ரிகஸ் கூட கண்ணு ரெண்டும் பொங்கி முட்டை மாதிரி வீங்கிப் போயி, ஒரு தடவ கீழயும் விழுந்து எந்திரிச்சு, ஆறாவது ரவுண்டுல நாக்-அவுட் பண்ணாரு. மிக்கி வார்டு கூட மூணு சண்ட, 2002 மே, 2002 நவம்பர், 2003 ஜூன். மூணுலயும் பெல்ட்டே கெடையாது, சும்மா பத்து ரவுண்டு சண்ட. மொதல்ல வார்டு ஜெயிச்சாரு, அடுத்த ரெண்டும் கேட்டி. மூணாவதுல நாலாவது ரவுண்டுலயே கேட்டிக்கு வலது கை ஒடஞ்சு போச்சு, ஆறாவதுல கீழ விழுந்தாரு, எந்திரிச்சு பத்து ரவுண்டையும் முடிச்சு ஜெயிச்சாரு.

2009-ல பிரேசில்ல எறந்துட்டாரு. பேரு ஓட்டுக்கு வந்த மொத வருஷமே தேர்வாகி 2013-ல ஹாலுக்குள்ள போயாச்சு.

சரி, உங்க கட்சி என்ன? கேட்டி உள்ள இருக்கலாமா கூடாதா?

இருக்கலாம். ஆனா அந்த மொத வருஷமேங்குததுதான் எனக்கு முள்ளு மாதிரி குத்துது. ஏன்னு சொல்லுதேன்.

அதே 2013-ல, அதே மேடைல, கொரியாக்காரரு மியுங்-வூ யூவும் உள்ள வந்தாரு. லைட் ஃப்ளைவெயிட், சின்ன ஆளு. 38 ஜெயிப்பு, ஒரே ஒரு தோல்வி. பெல்ட்ட கைல வச்சிக்கிட்டு வரிசையா 17 தடவ காப்பாத்துனாரு, 18-வதுல தோத்தாரு, தோத்தவன்ட்டயே போயி அடுத்த வருஷம் திருப்பி வாங்குனாரு. 1993-ல ரிடையர். இந்த மனுசன் இருபது வருஷம் வெளிய நின்னு கேட்டியோட சேந்து உள்ள வாராரு. எடை கம்மி, ஊரு தூரம், அமெரிக்க டிவில வரல. அவ்ளோதான் அவரு பண்ண தப்பு.

தைரியசாலிக்கு எடம் குடுக்கது எனக்குப் பிரச்சன இல்ல. தைரியசாலிக்கு வரிசைல முந்தி எடம் குடுக்கதுதான் பிரச்சன. ரேஷன் கடைல நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி வந்தா "நீங்க முன்ன வாங்க"ன்னு சொல்லுதோம்லா, பொறத்தால நிக்க கெழவி வாயத் தொறக்காம நிக்கும், அந்த மாதிரி.

அப்போ மிக்கி வார்டு? கேட்டிக்கு உண்டுன்னா அவருக்கும் உண்டுதான?

இதுல எங்க கடைல ரெண்டு பேரு பேச்ச நிறுத்திட்டாவ, நெசமாத்தான், ஒரு மாசம்.

வார்டு 38 ஜெயிப்பு 13 தோல்வி. பெல்ட் குடுக்க பெரிய நாலு அமைப்புல எந்த உலக பெல்ட்டும் கெடையாது. இடது கையால விலாவுக்குக் கீழ கல்லீரல்ல ஒண்ணு போடுவாரு பாருங்க, அது ஒண்ணுக்காகவே அவர நான் பத்து தடவ ரீவைண்டு பண்ணிப் பாத்திருக்கேன். 2002 மே சண்டைல ஒம்பதாவது ரவுண்டு தொடக்கத்துலயே அந்த அடிய வாங்கித்தான் கேட்டி மடங்கி உக்காந்தாரு. கேட்டி மேல நமக்கு இருக்க மரியாதைல பாதி வார்டு சம்பாரிச்சுக் குடுத்தது, அதுல சந்தேகமே இல்ல.

ஆனாலும் வார்டுக்கு என் ஓட்டு கெடையாது. கேட்டி தைரியத்தோட ரெண்டு எடைல ரெண்டு பெல்ட்டும் கொண்டு வாராரு, வார்டு தைரியத்த மட்டும் கொண்டு வாராரு. கபடில பாருங்க, ஏழு பேரு நிக்க களத்துக்குள்ள ஒருத்தன் பயப்படாம ரைடு போறான், ஒவ்வொரு தடவையும் பிடிச்சு அமுக்கிருதாவ, திருப்பியும் தொடையத் தட்டிக்கிட்டுப் போறான். ஊரே அவனுக்குத்தான் கை தட்டும். ஆனா அவன் பாயிண்டு எடுக்கலியே வே. மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கும்போது யார எடுப்பீய?

அப்படின்னா ஜெயிக்காத தைரியசாலிக்கு ஒண்ணுமே கெடையாதா? இது அநியாயம் இல்லியா?

இந்தக் கேள்விக்கு நம்ம ஊருதான் பதில் வச்சிருக்கு.

பாபநாசத்துக்கு மேல காரையார்ல சொரிமுத்தய்யனார் கோயிலு இருக்குல்லா, ஆடி அமாவாசைக்கு நம்ம சனம் பூராம் அங்கதான். அங்க பட்டவராயன்னு ஒரு சாமி. வில்லுப்பாட்டுல கதை கேட்டிருப்பீய, முத்துப்பட்டன் கதை: அய்யரு வீட்டுப் பையன், சக்கிலியர் வீட்டுப் பொண்ணுக ரெண்டு பேரக் கட்டுனாரு, மாமனாரு கெடை மாட்டக் களவாங்க வந்தவங்களோட ஒத்தையா நின்னு மல்லுக்கட்டி அங்கனயே செத்தாரு. இன்னைக்கும் அவருக்கு நேர்ச்சைன்னு தோல் செருப்புதான் கொண்டு போயி கட்டுதாவ. அவரு எத்தன சண்ட ஜெயிச்சாரு, எத்தன தோத்தாருன்னு என்னைக்காவது யாராவது கேட்டிருக்காவளா? கொடைல வில்லடிக்க அண்ணாச்சி அந்தச் சாவு கட்டத்தப் பாடும்போது பொம்பளையாளுக முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைப்பாவ.

அது பீடம். கனஸ்டோட்டால இருக்கது பட்டியல். பீடம் ஊரு கட்டுதது, அதுக்கு ஓட்டு வேண்டாம், கமிட்டி வேண்டாம், மூணு வருஷம் காத்துக் கெடக்க வேண்டாம். பட்டியல்னா அதுக்குக் கணக்கு வேணும். வார்டுக்குப் பீடம் எப்பவோ கட்டியாச்சு, உலகம் பூராம் கட்டியாச்சு, நானும் ஒரு செங்கல் வச்சிருக்கேன். அத எடுத்துட்டுப் போயி பட்டியல்ல ஒரு வரியா எழுதணும்னு ஏன் துடிக்கீய?

ஜார்ஜ் சுவாலோ, ஜெர்ரி குவாரி, சக் வெப்னர் எல்லாரும் ஏன் உள்ள இல்ல?

சுவாலோ கனடாக்காரரு, 93 சண்ட, ஒரு தடவ கூட கீழ விழுந்ததே கெடையாது. அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் மூணு பேரு அடியும் வாங்கியும் விழல. விழாம இருக்கது பெரிய வித்தைதான், ஆனா அந்த மூணு பேர்ல ஒருத்தரையும் ஜெயிக்கல. வெப்னர் 1975-ல அலிகூட 15-வது ரவுண்டு வர நின்னாரு, முடியுததுக்குக் கொஞ்ச நொடி இருக்கும்போதுதான் ரெஃபரி நிறுத்துனாரு. ஒரு ராத்திரி அது. ஒரு ராத்திரிக்கு ஹால்ல சீட்டுக் குடுத்தா கட்டடம் தாங்காது.

குவாரி விஷயம் வேற. அம்பதுக்கு மேல ஜெயிச்ச ஆளு, ஹெவிவெயிட்ல அலியும் ஃப்ரேசியரும் இல்லாத காலத்துல பொறந்திருந்தா பெல்ட் வாங்கிருப்பாருன்னு எல்லாரும் ஒத்துக்கிடுவாவ. 1999-ல எறந்தாரு, வயசு 53 தான். கடைசி காலத்துல அடி வாங்குன மூளை மழுங்கிப் போயி, சட்ட மாட்டவே ஆள் வேணும்னு ஆயிட்டு. இவரு ஒருத்தருக்கு மட்டும் யாராவது சண்ட பிடிச்சா நான் எதுக்க மாட்டேன்.

அடி வாங்கிட்டு நிக்கதுதான் தைரியமா?

இதுக்கு என் சொந்தக் கதையத்தான் சொல்லணும். காலேஜ் படிக்கும்போது நானும் கிளவுஸ் மாட்டுனேன், பெருசா ஒண்ணும் இல்ல, மாவட்ட அளவுல. ஒரு சண்டைல ரெண்டாவது ரவுண்டு, மூக்குல ரத்தம் நிக்கல, ஒரு காது ஙொய்யின்னு கத்துது, எதுக்க நிக்கவன் ரெண்டு பேரா தெரியுதான். நம்ம பயலுவ கீழருந்து "விட்டுராதல, நிக்கணும்ல"ன்னு கத்துதானுவ. எனக்கும் நெஞ்சு பொங்கி, செத்தாலும் நிக்கதுன்னு ஆயிட்டு. அப்பப் பாத்து எங்க மாஸ்டர் சண்ட போதும்னு டவல ரிங்குக்குள்ள எறிஞ்சுட்டாரு. மூணு மாசம் அந்த மனுசன்கிட்ட நான் பேசல. எங்கயாவது எதுக்க வந்தா சைக்கிளத் திருப்பிருவேன். இப்போ எம்புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கும்போதெல்லாம் அந்த டவலு நெனப்பு வரும்.

1975 மணிலாவுல அலியும் ஃப்ரேசியரும் 14 ரவுண்டு அடிச்சுக்கிட்டப்ப, ஃப்ரேசியருக்கு ஒரு கண்ணு முழுசா மூடிப் போச்சு, இன்னொண்ணு ஏற்கனவே சரியாத் தெரியாத கண்ணு. 15-வது ரவுண்டுக்கு நான் போவேன்னு அடம் பிடிக்காரு. கோச் எடி ஃபுட்ச் போதும்னு உக்கார வச்சுட்டாரு. அந்த ஃபுட்ச் 1994-ல ஹாலுக்குள்ள போயாச்சு. மேவெதர் சண்டைல கேட்டிய நிறுத்துன மூலைக்காரரு பட்டி மெக்கர்ட், அவரு பழைய சாம்பியன், 2019-ல அவரும் உள்ள.

1982-ல ரே மான்சினி கூட மோதுன கொரியாப் பையன் டுக் கூ கிம்ம யாரும் உக்கார வைக்கல. 14-வது ரவுண்டு வர நின்னான், விழுந்தான், நாலஞ்சு நாள்ல உயிர் போச்சு. அதுக்குப் பொறவுதான் பெல்ட் குடுக்க அமைப்புல ஒண்ணான டபிள்யூபிசி 15 ரவுண்ட 12 ஆக்குச்சு, மத்தவங்களும் பொறத்தால வந்தாவ. மான்சினி 2015-ல ஹாலுக்குள்ள போனாரு, 29 ஜெயிப்பு 5 தோல்வி, ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு. அந்தச் சண்டைல ரெண்டு பேரும் ஒரே அளவு தைரியம்தான் காட்டுனாவ. தைரியத்துக்கு மார்க் போடுதோம்னு ஓட்டுப் போடுதவங்க வெளிப்படையாச் சொன்னா, எந்த மூலைக்காரன் டவல் எறிவான், எந்தப் பையன் எறிய விடுவான்?

வார்டு தன்னோட மூளைய செத்ததுக்குப் பொறவு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அவரு பண்ணதுலயே எனக்குப் பெருசாத் தெரியுதது அதுதான்.

நடிகர் ஸ்டலோன் உள்ள இருக்காரே, அவரு யாரக் குத்துனாரு?

'ராக்கி' படத்துல பாக்ஸரா நடிச்சு பாக்ஸிங்க ஜனங்ககிட்ட கொண்டு சேத்ததுக்காக 2011-ல எடுத்தாவ. அது வீரர் லிஸ்ட் இல்ல, வேற பிரிவு. அதே வருஷந்தான் டைசனும் ஹூலியோ சீசர் சாவேஸும். மூணு பேரு ரசிகருக்கும் அந்த வருஷத்து விழா போட்டோ ஆகும், விடுங்க.

ரிங்குக்கு வெளிய காட்டுன தைரியத்துக்கு மார்க் உண்டா?

இதுக்கு நான் கண்ண மூடிக்கிட்டு உண்டும்பேன். 1967-ல அலி வியட்நாம் சண்டைக்குப் போக மாட்டேன்னுட்டாரு, பெல்ட்டப் புடுங்குனாவ, மூணரை வருஷம் ரிங்கே கெடையாது, கால்ல வேகம் இருந்த வயசு அது. இங்கிலாந்துக்காரி ஜேன் கவுச்சுக்கு பொம்பளைன்னு லைசென்ஸ் தர மாட்டேன்னு சொன்னாவ, 1998-ல கேஸ் போட்டு ஜெயிச்சாங்க, அதுக்குப் பொறவுதான் அங்க பொம்பளையாளுக்கு முறைப்படி சண்ட வந்துச்சு. 2024-ல ஹாலுக்குள்ள வந்தாங்க. ரெக்கார்டுல 11 தோல்வி இருக்கு. எனக்கு அது ஒரு பொருட்டே இல்ல, அவங்க தொறந்த கதவு வழியா எத்தன பேரு வந்தாவன்னு பாருங்க.

நம்ம தமிழ்நாட்டு ஆளுக?

அந்த ஹால்ல யாரும் இல்ல. நம்ம பாக்ஸிங் வாழ்ந்தது வட சென்னைல, சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார்னு பரம்பரை பரம்பரையா. நம்ம நெல்லைச் சீமைல சிலம்பமும் கபடியுந்தான், பாக்ஸிங் லேட்டா வந்த விருந்தாளி. 1994-ல பாங்காக் உலகக் கோப்பைல வி. தேவராஜன் வெண்கலம் வாங்குனாரு, அர்ஜுனா விருதும் குடுத்தாவ, ஆனா தெருல பத்து பேரக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. 1980-ல அலி மெட்ராஸ் வந்து ஜிம்மி எல்லிஸ் கூட காட்சிச் சண்ட போட்டாரு, எம்.ஜி.ஆரும் இருந்தாரு, அது மட்டும் எல்லாருக்கும் தெரியும். கொரியாக்காரரு யூவுக்கு நடந்தது தேவராஜனுக்கு நம்ம வீட்டுக்குள்ளயே நடந்திருக்கு.

ஹாட்டன் கேள்விக்கு வாங்க. லாயக்கா இல்லியா?

லாயக்கு. 45 ஜெயிப்பு 3 தோல்வி. 2005-ல அப்போ உலக சாம்பியனா இருந்த கோஸ்ட்யா சூவ பதினோரு ரவுண்டு அரைச்சு, அவரு அடுத்த ரவுண்டுக்கு ஸ்டூல விட்டு எந்திரிக்கல, அது ஒண்ணே போதும். மேவெதர்ட்டயும் பக்கியாவ்ட்டயும் தோத்தாரு, தோக்காதவன் யாரு. பாசமும் இருக்கு, கணக்கும் இருக்கு. பேரு ஓட்டுல வந்த மொத வருஷம் எடுக்கல, கொஞ்சம் காத்துக் கெடந்து 2024-ல எடுத்தாவ, அப்படித்தான் இருக்கணும். அதே வருஷம் டியகோ கொராலஸும் உள்ள வந்தாரு. 2005-ல காஸ்டியோ கூட பத்தாவது ரவுண்டுல ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சு அதே ரவுண்டுல ஜெயிச்ச மனுசன் அவரு, 2007-லயே பைக் விபத்துல போயிட்டாரு. கேட்டி மொத வருஷமே உள்ள, கொராலஸுக்கு அவரு செத்து பதினேழு வருஷம். இதுக்கு யாராவது எனக்கு வெளங்குத மாதிரி பதில் சொன்னா ஒரு கிலோ அல்வா வாங்கித் தாரேன்.

உங்க மாஸ்டர் என்ன சொல்லுதாரு?

அவருக்கு இப்போ எழுவது தாண்டிட்டு, சில ஞாயிறு கடைக்கு வருவாரு. போன வாரம் கேட்டி வார்டு மொத சண்ட ஒம்பதாவது ரவுண்ட போன்ல போட்டுக் காட்டுனேன். மூணு நிமிசமும் வாயத் தொறக்கல, டீ ஆறி மேல ஆடை கட்டிட்டு. முடிஞ்சதும், "இத அந்த ரெஃபரி நடுவுலயே நிப்பாட்டிருக்கணும்ல"ன்னாரு. நானும் "ஆமா மாஸ்டர்"ன்னு போன எடுக்கப் போனேன். கையத் தட்டிவிட்டுட்டு, "இரு, திருப்பிப் போடு" அப்படின்னாரு.